இருபது அங்குல நாற்காலி

நாற்காலி என்பது யாரும் பெரிதாக யோசித்துப் பார்க்கிற பொருள் இல்லை. இருந்தால் உட்காருவோம், இல்லாவிட்டால் நின்றுகொள்வோம். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு அப்படியில்லை. வாரம் இருமுறை மாமாவுக்கு நடைப்பயிற்சி கொடுக்க வருகிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. நேற்று நீங்கள் என் இரும்பு டேப்பைக் கையில் எடுத்தீர்கள். அது நான்கில் தொடங்குவதைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

மாமா, என் மனைவியின் அப்பா, நாற்பது வருடம் தையற்கடை வைத்திருந்தவர். ஆளைப் பார்த்ததுமே தோளும் மார்பும் சொல்லிவிடுவார். டேப் வைப்பதெல்லாம் வந்தவரின் திருப்திக்காக. நான் தச்சன். எங்கள் கல்யாணத்துக்கு நான் செய்த பீரோவின் கதவு அரை அங்குலம் குறைந்துபோனது. அன்றிலிருந்து பதினோரு வருடமாக எனக்கு 'அரை இஞ்ச்' என்று பெயர். பாசமாகத்தான் கூப்பிடுவார். நானும் சிரித்துக்கொள்வேன்.

தனியாக இருந்தவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். அறுவை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். தாழ்வாக உட்காரக் கூடாது, குனியக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது என்றார் டாக்டர். அவர் உயரத்துக்கு ஏற்றபடி இருபது அங்குலத்தில் நானே நாற்காலி செய்தேன். அருமையான நாற்காலி.

மூன்றாம் வாரமே வாக்கரைத் தள்ளிக்கொண்டு முன்னறையில் இருக்கும் என் பட்டறைக்கு வந்துவிட்டார். பகலெல்லாம் அங்கேயே உட்கார்ந்திருப்பார். "பலகை சாயுது மாப்ள" என்பார். சாய்ந்துதான் இருக்கும். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு முப்பது பெஞ்சு செய்ய ஆள் வந்தார். "அரை இஞ்ச் சேத்தே சொல்லுங்க, எங்க மாப்ள அதச் சாப்ட்ருவாரு" என்றார் மாமா. வந்தவர் வயிறு குலுங்கச் சிரித்தார். திரும்பி வரவில்லை.

அதற்காகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். அடுத்த மாதமே தன் வீட்டுக்குப் போய்விடப் போவதாக அவர் சொல்லிக்கொண்டிருந்தார். போனால் மறுபடி விழுவார். கொஞ்சம் நிதானப்படட்டும் என்றுதான் நினைத்தேன்.

அவர் குளிக்கப் போன நேரத்தில் நான்கு கால்களிலும் ஓர் அங்குலம் அறுத்து, ரப்பர் மூடிகளைத் திரும்ப மாட்டினேன். உட்கார்ந்தவுடன் தலையைத் தூக்கினார்.

"நாற்காலி எறங்கியிருக்கு."

என் மனைவி சிரித்தாள். "நாற்காலி எங்கயாவது எறங்குமாப்பா?"

"அளந்து பாரும்மா."

அவரால் குனிய முடியாது. அவள் என் டேப்பை எடுத்து வைத்தாள். அதன் முதல் அங்குலத்தை வெட்டிவிட்டு கொக்கியை மறுபடி பொருத்தியிருந்தேன். அவள் மேல்நுனியை மட்டும்தான் பார்த்தாள்.

"சரியா இருபதுப்பா."

மாமா தன் துணி டேப் வேண்டும் என்றார். அது அவர் வீட்டில் இருந்தது. போய்த் தேடினேன், கிடைக்கவில்லை என்றேன். தேடவில்லை.

வாரத்துக்கு ஓர் அங்குலம். நாற்காலியில் ஒன்று, டேப்பில் ஒன்று. ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்தார். ஒவ்வொரு முறையும் இருபதுதான் வந்தது. சாப்பிடும்போது என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். "இவன் ஏதோ பண்றாம்மா. என்னைய இவன்கிட்ட தனியா விட்டுட்டுப் போகாத" என்று மகளிடம் அவர் கிசுகிசுத்தது சமையலறையில் இருந்த எனக்குக் கேட்டது. அவள் அழுதுகொண்டே டாக்டரிடம் சொன்னாள். மயக்க மருந்துக்குப் பிறகு வயதானவர்கள் சிலர் இப்படிக் குழம்புவார்கள் என்று மாத்திரை கொடுத்தார்.

பிறகு அவர் டேப் கேட்பதை நிறுத்திவிட்டார். தன் கையை விரித்துச் சாண் அளந்து பார்ப்பார், மூடிக்கொள்வார்.

பதினாறு அங்குலத்துக்கு வந்த வாரம், ஒரு காலையில் எழுந்திருக்க முன்னால் சாய்ந்தார். மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மூட்டு கழன்ற சத்தம் எனக்குக் கேட்டது. "மாப்ள" என்றார். என் கையில் ஒரு பலகை இருந்தது. அதன் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து முடித்துவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

இரண்டாவது அறுவை நடந்தது. அதன்பின் எப்படி இருக்கிறார் என்று உங்களுக்கே தெரியும். கட்டிலிலிருந்து குளியலறை வரை, அதுவும் என்னைப் பிடித்துக்கொண்டு. அவர் மருத்துவமனையில் இருந்தபோது பழைய நாற்காலியை அடுப்புக்குப் போட்டுவிட்டு, சரியான இருபது அங்குலத்தில் புதிதாக ஒன்று செய்தேன். வந்ததும் உட்கார வைத்தேன்.

"உயரம் சரியா இருக்கா மாமா?"

"எனக்கென்னப்பா தெரியும்? நீ சொன்னா சரி."

அவர்மேல் எனக்குக் கோபமா என்று கேட்பீர்கள். துளியும் இல்லை. இப்போது அவரைக் குளிப்பாட்டுவது நான், ஊட்டுவது நான். எழுந்திருக்கலாமா என்றுகூட என்னிடம் கேட்டுத்தான் எழுந்திருப்பார். பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான் என்று அவர் வாயாலேயே சொல்கிறார். வேண்டுமானால் அவரிடமே கேட்டுப் பாருங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.