இன்னாசி சாய்த்துப் பார்த்த அட்டைகள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை பிரகதாம்பாள் அம்மா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் வணிகர் சங்கப் பெரியோர்களே, முன்வரிசையில் கணவரை இழந்து கலங்கி இருக்கும் எங்கள் சந்தனமேரி அக்கா அவர்களே, கீரமங்கலத்திலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் பெருமக்களே! அனைவருக்கும் ஜெராக்ஸ் கடை பெரியகருப்பனின் வணக்கம். பேசத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். பதினோரு வருடம் அண்ணன் இன்னாசியின் மேசை என் கடை வாசலில் கிடந்தது என்பதால் என்னை நிறுத்தியிருக்கிறார்கள்.

யார் இந்த இன்னாசி? அடையாள அட்டை அச்சடிக்கும் ஆலையில் இருபத்தாறு வருடம் உழைத்துவிட்டு அறந்தாங்கிக்குத் திரும்பியவர். வெளிநாட்டு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் போலி அட்டையால் ஏமாறுவதைப் பார்த்து, ஒரு மேசையும் லென்சும் ஊதா விளக்குமாக உட்கார்ந்தாரே, அந்த மனிதர்! எத்தனை வீட்டு அடுப்பு அவரால் எரிகிறது தெரியுமா உங்களுக்கு?

முதலில் அட்டையை வெயிலில் சாய்ப்பார். பளபளக்கும் முத்திரைக்குள் இருக்கும் படம் நிறம் மாற வேண்டும். போலியில் அது வெறும் மிட்டாய்த் தாள். நாம் கோடு என்று நினைப்பதை லென்சில் காட்டுவார். அது பொடி எழுத்துகளின் வரிசையாக இருக்கும். ஊதா விளக்கை அடித்தால் மறைந்திருந்த சின்னம் எழும். கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு போட்டோவின் ஓரத்தைக் கட்டை விரலால் தடவுவார். போட்டோவை மாற்றி ஒட்டியிருந்தால் அந்த விரலை ஏமாற்ற முடியாது.

டிரைவர் பிரசாந்த் ஒருநாள் ஏஜெண்ட் கொடுத்த லைசென்ஸோடு வந்தான்.

"ஐயா, டிக்கெட் போட்டாச்சுங்க. இன்னொரு தடவ நல்லாப் பாருங்க" என்று கெஞ்சினான்.

"பாத்துட்டேன் தம்பி, போலிதான். டிக்கெட் போனாப் போகுது. அங்கிட்டுப் போயி மாட்டிக்கிட்டா ஒன்னைய ஆரு வந்து பாப்பா?" என்றார் இன்னாசி.

வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுத்தான் போனான். அதே ஏஜெண்டை நம்பிப் போன மூன்று பேர் விமான நிலையத்திலேயே பிடிபட்டார்கள். இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளை இறக்கியது பிரசாந்தின் சொந்த வேன்.

இத்தோடு நான் முடித்துக்கொண்டிருக்கலாம். முடியவில்லை, மன்னியுங்கள்.

நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. எந்த அட்டை வந்தாலும் முதல் வேலை லேமினேஷன். உள்ளே திருநீறு வைத்து ஒட்டச் சொல்வோரும் உண்டு, மாதா படம் வைத்து ஒட்டச் சொல்வோரும் உண்டு. அட்டையைக் காப்பாற்றுகிறோமாம்! அண்ணன் என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார்!

"கருப்பா, முத்திரை வச்ச அட்டைய மிசின்ல விடாதய்யா. சூடு பட்டாச் சுருங்கிப்போகும். சுருங்கிட்டா நல்ல அட்டையும் களவாணி அட்டையும் ஒண்ணுதான்."

போன வருடம் நர்ஸ் இலக்கியா தன் பதிவு அட்டையை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலை கைக்கு வந்திருந்த நேரம். நல்லது செய்வதாக நினைத்து, அவள் கேட்காமலேயே மெஷினில் விட்டேன். முத்திரை பொரிந்தது, போட்டோ ஓரம் தூக்கிக்கொண்டது. அட்டை திருத்தப்பட்டிருக்கிறது என்று சொல்லி வேலையைத் தர மறுத்தார்கள். விசாரணை முடியும்வரை நர்ஸ் கவுன்சிலும் அவள் பதிவை நிறுத்தி வைத்தது. படித்த படிப்புக்கு இங்கேயும் வேலை பார்க்க முடியாமல் அந்தப் பிள்ளை வீட்டில் முடங்கியது.

இன்னாசி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நீதான் மிசின்ல விட்டேன்னு ஒரு காயிதம் எழுதிக் குடுய்யா. அது போதும்."

கடை லைசென்ஸ் போய்விடும் என்று பயந்து நான் மறுத்தேன். அவர் திட்டவில்லை. என் பெயரைச் சொல்லாமல், அட்டை அசல்தான், சூட்டில் கெட்டது என்று தானே சான்று எழுதினார். எட்டு மாதம் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். நெஞ்சுவலி வந்த அன்றும் கவுன்சில் அலுவலகத்துக்குப் போய்விட்டுத்தான் திரும்பினார்.

அவரை அடக்கம் செய்த மறுநாள் கவுன்சிலிலிருந்து பதில் வந்தது. 'சான்று அளித்தவர் பதினைந்து நாளுக்குள் நேரில் வந்து விளக்க வேண்டும்.' யாரை அனுப்புவது? கல்லறையைத் தட்டி எழுப்பவா?

அவர் பணியைத் தொடர்வோம் என்று சபதம் எடுத்து முடிப்பதுதான் இத்தகைய கூட்டங்களின் வழக்கம். அந்த லென்ஸ் என் கையில் இருக்கிறது. என் கண்ணுக்கு எல்லாம் கோடாகத்தான் தெரிகிறது. எதை நான் தொடர்வது?

இலக்கியா, கடைசி வரிசையில் இருக்கிறாய், தெரிகிறது. அவர் கேட்ட கடிதத்தை நேற்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை உன்னோடு அந்த அலுவலகத்துக்கு நானும் வருகிறேன். கெடுத்தது நான்தான் என்று சொல்கிறேன். கடை போனால் போகட்டும். எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தவன் பேச்சை அவர்கள் நம்புவார்களா என்று எனக்குத் தெரியவில்லையம்மா. அன்றைக்கே எழுதியிருந்தால், பக்கத்தில் நின்று எடுத்துச் சொல்ல இன்னாசி இருந்திருப்பார்.