குலுக்கலில் விழாத பேர்

பதுளையிலிருந்து பசறை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் தோட்டத்துப் பெண்கள் இருவர். மூத்தவர் பொருமிக்கொண்டிருந்தார்.

“மழை பேஞ்சா தூங்காம கெடக்குறவ நானு. என்னைய விட்டுட்டு, படுத்தா எந்திரிக்காத ஒன்னையப் போயி எடுத்திருக்காங்களே, செல்வி!”

“நான் என்னக்கா செய்ய? மழைப் பயத்தப் பத்தி ஆராய்ச்சி பண்ண வந்த மிஸ், லயத்து வீடுங்கள்ல இருக்குற எல்லார் பேரையும் சீட்டுல எழுதித்தானே குலுக்குனாங்க.”

“என்னையும் சேத்துக்கங்கன்னு நானே போயி கேட்டேன். பயந்தவங்க மட்டும் வந்து பேசுனா, தோட்டமே பயந்து கெடக்குன்னு தப்பா முடிவு வந்துருமாம். மன்னிச்சிருங்கம்மான்னு என் கையப் புடிச்சிக்கிச்சு, பாவம் அந்தப் புள்ள.”

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செல்வி நெருங்கி உட்கார்ந்தாள்.

“சரி, மிஸ் கேட்டத நான் கேக்குறேன். மழை பேயிறப்போ என்னக்கா நெனப்பு வருது?”

மூத்தவர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

“மேட்டு மண்ணு எறங்கி வந்துருமோன்னு. புள்ளைங்களும் கொழும்புல. தனியா ஒக்காந்திருப்பேன்.”

“நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு செவுருதானே இருக்கு? தட்டுனா வர மாட்டேனா?”

“நீயா? எங்க எந்திரிக்கப் போற!”

“எந்திரிக்கிற வரைக்கும் தட்டுக்கா.”