சரிக்கும் ரத்துக்கும் நடுவுல

...பெரியவங்க எல்லாம் வாழ்த்திட்டாங்க. எனக்கு அவ்வளவு பேசத் தெரியாது, நான் பஞ்சர் கடைக்காரன். முதல்ல ஒரு வெட்கக்கேட்டைச் சபையில ஒத்துக்கிறேன். இந்தக் கல்யாணம் நிச்சயமான அன்னிக்கு, சம்பந்தி வீட்டுக்குப் போன்ல கும்பிடுற கை அனுப்பப் போய், கதறி அழுகிற மூஞ்சியை அனுப்பினது யாருன்னு தேடினீங்களே... நான்தான். பாவம், "ஏனுங்க, பொண்ணுக்குப் பிடிக்கலீங்களா?"ன்னு மாப்பிள்ளையோட அம்மா பதறிப்போயிட்டாங்க.

நான் என்ன பண்ணட்டும்? இந்தக் கட்டைவிரலைப் பாருங்க... முன் வரிசை, நல்லாப் பாருங்க. டயர் நெம்பி நெம்பிக் கருணைக்கிழங்கு மாதிரி ஆயிடுச்சு. ஒண்ணைத் தொட்டா மூணு அமுங்கும். இந்த விரலை வெச்சு ஒரு சின்னச் சங்கதி இருக்கு, கேளுங்க. சாப்பாடு எங்கேயும் ஓடிப்போகாது. தம்பி, நீயும் உக்காரு.

பொண்ணு சங்கவி என் அக்கா மக. கோயமுத்தூர்ல வேலை. என்ன வேலை? நாம போன்ல ஒரு கடையையோ ஆஸ்பத்திரியையோ திறக்கிறோம்ல... அதுல கண்ணுக்குத் தெரியுற முகப்பு, கலரு, எழுத்து, பட்டன், எல்லாம் இவ கைவேலை. வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு கண் ஆஸ்பத்திரிக்காக, போன்ல திறக்கிற பக்கம் ஒண்ணு செஞ்சா. நோயாளிங்க வீட்ல இருந்தே டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குற பக்கம். அவளை எப்படி எடுத்திருந்தாங்க தெரியுமா? "கொஞ்ச நாள் பார்ப்போம், சரியா வந்தா வெச்சுக்குவோம்"னு. இந்தப் பக்கம் சொதப்புனா வேலை போச்சு.

அது திறக்குறதுக்கு ரெண்டு நாள் முந்தி லீவுக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தா. மடியில கம்ப்யூட்டர். காதுல போன். சண்டை! என்ன சண்டைங்கறீங்க? குழாயடி தோத்துடும்!

"முடியாதுங்க! தள்ளி வெச்சா அழகே போயிடும்!"

போன்ல ஒரு குரல், பால்ல தண்ணி கலந்த மாதிரி அவ்வளவு சாந்தம். "இல்லைங்க மேடம்... 'சரி'ங்கிற பட்டனும் 'ரத்து'ங்கிற பட்டனும் ஒட்டிக்கிட்டு இருக்குதுங்க..."

அது யாரு? இதோ பட்டு வேட்டியில பூனை மாதிரி உக்காந்திருக்காரே, நம்ம மாப்பிள்ளை யுகேந்திரன்! அதே கம்பெனி. இவ செய்யுறதுல குத்தம் கண்டுபிடிக்கிறதுதான் இவர் வேலை. அதுக்குச் சம்பளம் வேற! நம்ம வீட்டு மாமியாருங்க எல்லாம் இத்தனை வருஷமா இனாமா இல்ல பண்ணிக்கிட்டு இருக்காங்க?

சங்கவிக்குக் கோவம். போனை எல்லாருக்கும் கேக்குற மாதிரி வெச்சா. "மாமா, இங்க வாங்க. உங்க போனுக்கு அந்தப் பக்கத்தை அனுப்பியிருக்கேன். நேரம் வாங்குங்க. இந்த ஆளுக்குக் காட்டணும்."

விடுவேனா? தாய்மாமன் ஆச்சே! பேரைப் போட்டேன். தேதி போட்டேன். பார்க்க அப்படியொரு அழகு, கோலம் போட்ட வாசல் மாதிரி. 'சரி'யைப் பார்த்து விரலை வெச்சேன்...

'உங்கள் பதிவு ரத்து செய்யப்பட்டது.'

"மாமா! மெதுவா!"

மெதுவா வெச்சேன். நாக்கைக் கடிச்சுக்கிட்டு வெச்சேன்.

ரத்து.

அவ மூஞ்சி செத்துப்போச்சு. எனக்குப் பாருங்க, புள்ளைக்கு ஒத்தாசை பண்ண வந்து, அவ பொழப்புலயே மண்ணைப் போட்டுட்டமேன்னு ஆயிடுச்சு. இப்ப போன்ல இருக்குறவர் சிரிக்கணும். நானா இருந்தா ஊரைக் கூட்டிச் சிரிச்சிருப்பேன். சிரிச்சாரா?

"மாமா... மன்னிச்சுக்குங்க, பேரு தெரியலைங்க. உங்க விரல் மேல தப்பில்லைங்க. அந்த ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்குக் கண்ணும் மங்கல், கையும் நடுக்கமா இருக்குமுங்க."

அப்புறம் இவகிட்ட, "மேடம், இதை நான் இன்னும் மேலதிகாரிக்கு எழுதி அனுப்பலைங்க. அனுப்புனா உங்க பேர்ல ஒரு தப்புன்னு விழுந்துடும். அதான் நேரா கூப்பிட்டேன். மத்ததெல்லாம் ரொம்ப நல்லா இருக்குதுங்க."

சங்கவி கம்ப்யூட்டர்ல டக்கு டக்குன்னு ஏதோ தட்டினா. 'சரி' பெருசாச்சு. 'ரத்து' சின்னதாகிக் கீழே இறங்குச்சு. நடுவுல ஒரு கட்டைவிரல் அகல இடம்.

"இப்ப அழுத்துங்க மாமா."

அழுத்தினேன். பதிவாயிடுச்சு! பக்கமும் திறந்துச்சு, அவ வேலையும் நிலைச்சுது. ஆனா அன்னியிலிருந்து அந்தச் சாந்தக் குரல் தினமும் கூப்பிட ஆரம்பிச்சுது. எந்தப் பட்டன்ல குத்தமோ, எனக்குத் தெரியாதுப்பா! ஏ சங்கவி, தலையைக் குனியாதே, ஜிமிக்கி மாலையில மாட்டுது.

எதுக்கு இதைச் சொல்றேன்? கல்யாணத்துலயும் ரெண்டு பட்டன் உண்டுங்க. 'சரி'ன்னு ஒண்ணு... 'போ, வேண்டாம்'னு ஒண்ணு. நாம என்ன பண்றோம்? ரெண்டையும் ஒட்டி வெச்சுடறோம். குழம்புல உப்புக் கூடிப்போச்சா? வேண்டாம்! அவங்க அம்மா ஒரு சொல்லு சொன்னாங்களா? வேண்டாம்! கோவத்துல கை நடுங்குறப்போ எங்க அமுங்குதுன்னு யாருக்குத் தெரியும்? அதனால கண்ணுங்களா, நடுவுல ஒரு கட்டைவிரல் அகல இடம் விடுங்க. 'சரி'யைப் பெருசா வெச்சுக்குங்க. அடுத்தவங்க தப்பை ஊருக்கு எழுதி அனுப்பாம, முதல்ல அவங்களையே நேரா கூப்பிடுங்க. இதைச் செஞ்ச ரெண்டு பேரைத்தான் மேடையில உக்கார வெச்சிருக்கோம். நல்லா இருப்பீங்க.

கடைசியா ஒண்ணு. பந்திக்கு ஐஸ்கிரீம் தாய்மாமன் செலவு. நேத்து நானே போன்ல ஐஸ்கிரீம் கடைப் பக்கத்தைத் திறந்து, 'சரி'யைப் பார்த்து விரலை வெச்சேன். அந்தப் பக்கம் சங்கவி செஞ்சது இல்ல.

ஐஸ்கிரீம் வராது. பாயசம் ரெண்டு தடவை கேட்டு வாங்கிக்குங்க.