சென்னிமலையின் அடுத்த பாட்டு

சங்ககிரியில் லாரிகள் நிற்கும் இடத்தில் டீ நன்றாக இருக்கும் ஐயா. எடப்பாடியிலிருந்து திரும்பும்போது அதற்காகத்தான் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அங்கேதான் சென்னிமலையைப் பார்த்தேன். லாரி டிரைவர். பம்பாயில் பழசாக வாங்கிய கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி நிழலில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்கள் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

என் பெயர் அர்த்தநாரி. செவ்வாய்ப்பேட்டையில் கேசட் கடை. நாளெல்லாம் சினிமாப் பாட்டுப் பதிந்து கொடுத்துக் காது மரத்துப்போனவன் நான். அந்தக் காதுக்கு அன்று உயிர் வந்தது. “யார் கட்டின பாட்டு?” என்றேன்.

“நாந்தானுங்க. ஊட்டுக்காரி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. கூப்படறேன், அவ்வளவுதான்” என்றார்.

அவர் பாட்டுகளைப் பதிந்து கேசட் போட்டேன். சேலத்திலிருந்து கிளம்பும் லாரிகளிலெல்லாம் அதுதான் பாடியது. முரட்டு ஆட்கள் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுததைப் பார்த்திருக்கிறேன். அவரைக் கண்டுபிடித்தவன் நான்.

எடப்பாடியில் தாய்வீட்டில் இருந்த அவர் மனைவி கண்ணாத்தாளும் அதைக் கேட்டாள். திரும்பி வந்துவிட்டாள்.

நல்ல பெண். நான் போகும்போதெல்லாம் சாப்பிடாமல் விடமாட்டாள். ஆனால் சென்னிமலை பாடுவதை விட்டுவிட்டார். கிதாரின் மேல் அவள் ரவிக்கை காய்ந்தது. “மனசு நெறஞ்சு கெடக்குதுங்ணா, பாட்டு எங்கிருந்து வரும்?” என்று என்னிடமே சிரித்தார்.

நான் அவசரப்படுகிறவன் அல்ல. முதலில் நயமாகத்தான் பார்த்தேன். உன் புருஷனுக்குப் பம்பாயில் ஒருத்தி இருக்கிறாள் என்று கண்ணாத்தாளிடம் சொன்னேன். நம்பிப் பழையபடி தாய்வீட்டுக்குப் போயிருந்தால் இன்று உயிரோடு இருப்பாள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஏனுங்ணா, தலைக்குத் தேச்சுக்க எண்ணெய் வாங்கத் தெரியாத மனுசன், பொம்பளை வெச்சிருக்கறாராக்கும்?”

ஒரு மத்தியானம் போனேன். பம்பாய் நடை முடிந்து வந்த களைப்பில் அவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அவள் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள்.

“வாங்ணா. எழுப்பட்டுங்களா?”

“வேண்டாம் சாமி. தூங்கட்டும்” என்றேன்.

குடத்தை எட்டிப் பிடிக்கக் குனிந்தாள். தள்ளினேன். கிணற்றுக்குள்ளிருந்து “அண்ணா, அண்ணா” என்று என்னைத்தான் கூப்பிட்டாள். நான் தள்ளியதாக அவளுக்குத் தோன்றவேயில்லை போலிருக்கிறது. தண்ணீர் அடங்கும்வரை நின்றுவிட்டுத்தான் போனேன். எதையும் அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது.

கருமாதி முடிந்ததும் கிதாரைத் துடைத்துச் சுருதி சேர்த்து அவர் மடியில் வைத்தேன். டேப்பை ஓட விட்டேன். பாதியில் குரல் உடைந்தது. போதுமென்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் நிறுத்தவில்லை. அப்படியொரு பாட்டை நீங்கள் கேட்டிருக்கமாட்டீர்கள் ஐயா.

அவள் அண்ணன்மார் அவர்மேல் சந்தேகப்பட்டுப் புகார் கொடுத்ததில்தான் காரியம் கெட்டது. உங்கள் ஆட்கள் அடித்ததில் அவர் கை வீங்கியிருக்கிறது. தந்தி மீட்டுகிற கை. அதனால்தான் நானாகவே வந்தேன்.

கண்ணாத்தாளைக் கொன்றவன் நான். எழுதிக்கொள்ளுங்கள். அவரை விட்டுவிடுங்கள். யார் செய்தது என்று மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். நானே சொல்கிறேன். கூடப்பிறந்தவனைப் போல என்னை நம்புகிறவர், நொறுங்கிப்போவார். அதற்குப் பிறகு பாருங்கள், எப்படிப் பாடப்போகிறார் என்று.