பதினெட்டு மூட்டை சோடா

– இன்னைக்கும் ஆசிட் கூடத்தானா, லேப் மேடம்?

– கூடத்தான் சார். நேத்தைவிட ஒரு பிடி அதிகம்.

– பதினெட்டு நாளா இறங்க மாட்டேங்குதே... எத்தனையோ ஜூஸ் ஆலைக் கழிவுத்தண்ணி பார்த்துட்டேன், இப்படி ஒரு அடம் பார்த்ததில்ல.

– அத்தனையும் ஆசிட்டா மாறுற பழச் சர்க்கரை. காத்தே படாம மூடின டாங்கிக்குள்ள அந்த பாக்டீரியாவும் எவ்வளவுதான் தின்னும், பாவம்! நீங்க ஊட்டுற வேகம் அப்படி.

– நானா? பச்சப்புள்ளைக்குக் கஞ்சி ஊட்டுற மாதிரி சொட்டுச் சொட்டாத்தான் விடுறேன்.

– உங்களைப் போய் டாங்கி டாக்டர்ங்கறாங்க!

– நோயாளி எந்திரிச்சு நடந்தாத்தானே டாக்டர் கிளம்ப முடியும்.

– அவ்வளவு அவசரமா வீட்டுக்கு?

– வீட்ல யாரு இருக்கா, பூட்டுதான் தொங்குது. அடுத்த ஆலைக்குப் போகணும். காலையில ஆபீஸ்ல இருந்து போன்.

– என்னவாம்?

– ஆசிட் இன்னைக்குள்ள இறங்கலைன்னா வேற ஆளை அனுப்புறாங்களாம். அதனால...

– அதனால?

– ஆசிட்டை முறிக்க இத்தனை நாள் தினம் ஒரு மூட்டை சோடா உப்பு. இன்னைக்கு அஞ்சு மூட்டையா கொட்டிடப் போறேன்.

– அஞ்சா! ஐயோ, வேண்டாம் சார்.

– ஏன்? உங்க நோட்டுல இருக்கிற நம்பருக்கு அஞ்சு தாங்கும்.

– தாங்காது... ஜன்னல் வழியா பாருங்க. டாங்கியில இருந்து வர்ற கேஸ் ஆள் உயரத்துக்கு எரியுது. ஆசிட் ஏறின டாங்கியில அப்படி எரியுமா?

– அதானே. எப்படி எரியுது?

– நோட்டுல இருக்கிறது பொய், சார்.

– பொய்யா? எப்ப இருந்து?

– டாங்கி தேறி பதினெட்டு நாளாச்சு. தேறிடுச்சுன்னு எழுதினா மறுநாளே பெட்டியைக் கட்டிடுவீங்க. அப்புறம் காலையில எட்டு மணிக்கு இந்தக் கதவைத் தட்டி, 'ஆசிட் கூடத்தானா'ன்னு கேக்க யாரு இருக்கா... கை தானா எழுதிடுச்சு.

– கை மட்டும்தானா?

– கேலி பண்ணாதீங்க. நல்லா இருந்த டாங்கியில என்னால தினம் ஒரு மூட்டை விழுந்திருக்கு. இந்நேரம் அது கெட்டிருக்கணுமே! எப்படி சார் இன்னும் எரியுது?

– ஸ்டோர்ல போய்ப் பாருங்க. பதினெட்டு மூட்டையும் கட்டு அவிழ்க்காம அடுக்கினபடியே இருக்கு.