நுனி முடிச்சு

டிராமில் எனக்கு முன் இருக்கையில் இருந்த புதுப்பெண், பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாளிடம் சொன்னாள்: "தலைய விரிச்சுப் போட்டுப் படம் புடிச்சுக்கப் போறேன்க்கா."

"யாரு கேட்டா?"

"அவருதான். அக்கரையில, பத்து காவான்ங்கற ஊரு தோட்டத்துல கணக்கெழுதற கிராணி. நான் இங்க அம்மா வீட்டுல. ராத்திரி பாக்கற மாதிரியே ஒரு படம் வேணுமாம், அவரு மட்டும் பாக்க. ஸ்டூடியோவுல புடிக்கிறது ஜப்பான்காரம்மாதான், ஆம்பள இல்ல. ஆனா, தலைவிரி கோலம் எழவு வீட்டுக்குல்ல? அவருக்கு ஏதும் ஆயிட்டா?"

"நுனியில சின்னதா ஒரு முடிச்சுப் போட்டுக்கோலா. தலைக்குக் குளிச்சிட்டு வந்தவ மாதிரி. ஒண்ணும் ஆகாது."

"நல்லவேளை, உங்க பக்கத்துல உக்காந்தேன்க்கா."

ஸ்டூடியோ வாசலில் இறங்கியவள் திரும்ப ஓடிவந்தாள். "முடிச்சு படத்துல தெரியணுமாக்கா?"

"வேணாம்லா. ஒனக்குத் தெரிஞ்சாப் போதும்."

டிராம் நகர்ந்த பிறகும் நடுத்தெருவில் கும்பிட்டபடியே நின்றாள்.