அடிபட்ட சம்மனசுகள்

பினாங்கிலிருந்து பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் எனக்கு எதிரே அக்கா தங்கை இருவர் உட்கார்ந்திருந்தார்கள். தங்கையின் மடியில் பேட்மிண்டன் ஆடும் புதுப் பூப்பந்துகள். நான் புத்தகம் படிப்பதுபோல் பாவனை செய்தேன். அதில் எனக்கு இருபது வருடப் பயிற்சி.

"இதையெல்லாம் இன்னைக்கே அடிச்சு இறக ஒடைக்கணும்க்கா," என்றாள் தங்கை.

"துக்க வீட்டுல கிறிஸ்மஸ் மரம் வைக்கிறதே தப்பு. இதுல இது வேற."

"மரம் இல்லன்னா யாரு செத்ததுன்னு அம்மா கேப்பாங்க. அப்பாவோட அடக்கத்துக்கு வந்ததே அவங்களுக்கு ஞாபகமில்ல. மறுபடியும் சொல்லணும், மறுபடியும் அழுவாங்க. உன்னால முடியுமா?"

அக்கா ஒரு பந்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா ஆடி முடிச்ச பழைய பந்ததான் சம்மனசு, தேவதூதருன்னு சொல்லி மரத்துல தொங்க விடுவாரு. நீதான் அந்தப் பெட்டிய தூக்கிப் போட்டுட்டே," என்றாள் தங்கை.

"குப்பைன்னு நெனைச்சேன்லா."

ஃபெரி கரையை இடித்து நின்றது. எல்லோரும் எழுந்தோம்.

"மரத்து உச்சி நட்சத்திரத்த நானே கட்டுறேன்," என்றாள் அக்கா. "நீ நேராக் கட்டுவே. அப்பா கட்டினா எப்பவும் சாஞ்சுதான் நிக்கும். அம்மா கண்டுபிடிச்சிடுவாங்க."